பெட்டிக்குள் வந்த பெட்டிகள்: தென்காசியும் விமானத்தில் வந்த மின்னணுப் பரிசுகளும்

வெளிநாட்டிலிருந்து வந்தவரின் பெட்டியைத் திறக்கும்போது தென்காசி, கடையநல்லூர் பகுதிகளில் வீட்டுக்காரர்களோடு பக்கத்து வீட்டுக்காரர்களும் கூடிவிடுவார்கள். சோப்பு, சென்ட், தைலம், சாக்லேட் எல்லாம் மேலே இருக்கும். கைலிகளுக்கும் போர்வைக்கும் நடுவே சுற்றி வைத்திருப்பதுதான் உண்மையான பரிசு. ஒரு காலத்தில் அது டிரான்சிஸ்டர். பிறகு டேப் ரெக்கார்டரும் ரேடியோவும் சேர்ந்த டூ-இன்-ஒன், அதன் பிறகு வி.சி.ஆர்., செல்போன், லேப்டாப் என்று மாறிக்கொண்டே வந்தது. இந்தப் பொருள்கள் விமானத்தில் ஏறி, சுங்கம் தாண்டி, மலை கடந்து வந்த கதை யாரும் அதிகம் எழுதாத ஒன்று.

தென்காசிக்கும் வெளிநாட்டுக்கும் உள்ள தொடர்பு விமானத்தை விடப் பழையது. இந்தப் பகுதியின் நெசவாளர் குடும்பங்கள் பல 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே சிங்கப்பூர் சென்று, துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறின. ஆண்கள் மட்டும் போய்ச் சம்பாதித்துத் திரும்புவது மற்ற ஊர்களின் வழக்கம். தென்காசி, கடையநல்லூர் முஸ்லிம்களோ மனைவி மக்களோடு போனார்கள். 1941-ல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கப்பட்டது. அந்தச் சமூகம் 1946-ல் நிறுவிய உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி 1982 வரை நடந்தது. ஆகவே சிங்கப்பூரில் பாதிக் குடும்பம், தென்காசியில் பாதிக் குடும்பம் என்ற நிலை இங்கே சாதாரணம். 1973-க்குப் பிறகு எண்ணெய் விலை உயர்ந்து வளைகுடா நாடுகளில் கட்டட வேலை பெருகியபோது, துபாய், சவுதி செல்லும் இன்னொரு கூட்டம் உருவானது.

அன்றெல்லாம் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கப்பல் உண்டு. ரஜூலா, பிறகு சிதம்பரம் ஆகிய கப்பல்களில் வந்தவர்கள் டிரங்குப் பெட்டி டிரங்குப் பெட்டியாகச் சாமான் கொண்டுவர முடிந்தது. 1985-ல் சிதம்பரம் கப்பலில் பெரும் தீ விபத்து ஏற்பட்டது. அதோடு அந்தப் பயணிகள் சேவையும் முடிந்துபோனது. விமானத்தில் அப்படி முடியாது. கிலோ கணக்கு வந்துவிட்டது. இருபது, முப்பது கிலோவுக்குள் குடும்பம் முழுவதுக்கும் பரிசு அடங்க வேண்டும் என்றால், எடை குறைவாகவும் மதிப்பு அதிகமாகவும் உள்ள பொருளைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மின்னணுப் பொருள்கள் பரிசுகளின் அரசனானதற்கு இந்தச் சாதாரணக் கணக்கும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் இந்தியாவின் வரி. 1991 ஜூலை பட்ஜெட்டில் மன்மோகன் சிங் இறக்குமதித் தீர்வையின் உச்ச அளவை 150 சதவீதமாகக் "குறைத்தார்". குறைத்த பிறகே 150 என்றால் அதற்கு முன் எப்படி இருந்திருக்கும்! ரேடியோ வைத்திருக்கவே தபால் நிலையத்தில் பணம் கட்டி உரிமம் புதுப்பிக்க வேண்டிய நிலை 1980-களின் நடுப்பகுதி வரை இருந்தது. கடையில் வாங்க முடியாத ஒரு ஜப்பான் செட்டு வீட்டில் பாடுகிறது என்றால், அந்த வீட்டுக்கு ஊரில் ஒரு தனி மரியாதை கிடைத்தது.

அந்தச் செட்டு பாடுவதற்கு முன் ஒரு சிறு சோதனை உண்டு. சிங்கப்பூரிலும் துபாயிலும் மின்சார அழுத்தம் ஏறக்குறைய நம் ஊர் அளவுதான். ஆனால் பிளக் சதுர முனை கொண்டது. நம் ஊர் பிளக் பாயிண்டிலோ உருண்டைத் துளை. பிளக்கை வெட்டிவிட்டு வயரின் இரு முனைகளையும் துளையில் செருகித் தீக்குச்சியால் இறுக்கியவர்கள் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த பொருள் என்றால் நிலைமை இன்னும் மோசம். 110 வோல்ட் கருவியை அப்படியே செருகினால் புகைதான் வரும். தொலைக்காட்சியிலும் இந்தியா பால் முறை, அமெரிக்காவும் ஜப்பானும் என்.டி.எஸ்.சி. முறை. இதைத் தெரிந்துகொண்டுதான் துபாய்க் கடைக்காரர்கள் "மல்டி சிஸ்டம்" என்று கேட்டு வாங்கச் சொன்னார்கள்.

டூ-இன்-ஒன் பாட்டு கேட்க மட்டும் பயன்படவில்லை. தொலைபேசி அரிதாக இருந்த காலத்தில் கேசட்டில் பேசிப் பதிவு செய்து, ஊருக்குப் போகிறவரிடம் கொடுத்து அனுப்பினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்குக் கடிதத்தை இன்னொருவர் வாசித்துக் காட்ட வேண்டியதில்லை. மகன் குரலையே கேட்கலாம். பதிலும் அதே கேசட்டின் மறுபக்கத்தில் போகும். பரிசாக வந்த கருவிகளிலேயே இதுதான் அதிகம் உதவிய கருவி எனலாம்.

இனி சுங்கத்துக்கு வருவோம். 1962-ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின்படி, பயணி தன் சொந்தப் பயன்பாட்டுக்கோ, குடும்பத்தின் பயன்பாட்டுக்கோ, அன்பளிப்புக்கோ கொண்டுவரும் பொருள்களை, விதிகள் சொல்லும் அளவுக்குள், வரியின்றி விடலாம். அன்பளிப்பு என்பதைச் சட்டமே ஒப்புக்கொள்கிறது, வியாபாரத்தை ஒப்புக்கொள்வதில்லை. ஒரே மாதிரி பத்து கேமரா இருந்தால் பத்து மச்சான்களுக்கு என்று சொன்னாலும் அதிகாரி நம்ப மாட்டார். கூலிக்காகச் சரக்கு சுமந்து பறந்துபோய்ப் பறந்து வருபவர்களுக்குத் தமிழில் "குருவி" என்று பெயரே வந்துவிட்டது. இவர்களால் உண்மையாகவே தங்கைக்கு ஒரு டேப் ரெக்கார்டர் கொண்டுவந்த தொழிலாளியும் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டார் என்பதுதான் வருத்தம்.

சிங்கப்பூர்க் குடிமகனாகிவிட்ட தென்காசிக்காரருக்கு வேறு சிக்கல். அவர் இந்தியச் சுங்கத்தின் கண்ணில் சுற்றுலாப் பயணி. விலையுயர்ந்த வீடியோ கேமரா கொண்டுவந்தால், திரும்பக் கொண்டுபோவதாக எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. அக்காள் மகன் ஆசைப்படுகிறான் என்று அதைக் கொடுத்துவிட்டுப் போனால் வரி கட்ட வேண்டும். பிறந்த ஊருக்கே விருந்தாளியாக வந்த ஒருவருக்கு இது எப்படி இருந்திருக்கும்!

"இதை எங்க வீட்டில் சேர்த்துவிடுங்கள்" என்று ஒருவர் பொட்டலம் கொடுப்பதும், மறுக்காமல் வாங்கிக்கொள்வதும் ஊர்ப் பழக்கம். 1980-கள் இந்தப் பழக்கத்தின் மேல் ஒரு நிழலைப் போட்டன. 1985 ஜூன் 23 அன்று டோக்கியோவின் நரிதா விமான நிலையத்தில், ஏர் இந்தியா விமானத்துக்கு மாற்றப்படவிருந்த பெட்டி வெடித்து இரண்டு ஊழியர்கள் இறந்தனர். குண்டு ஒரு சான்யோ டியூனருக்குள் இருந்தது. அதே நாளில் ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்து அருகே வெடித்து 329 பேர் பலியாயினர். 1986 ஏப்ரலில் நிசார் ஹிந்தாவி என்பவன், தன்னை நம்பிய கர்ப்பிணிக் காதலியின் பையில் அவளுக்கே தெரியாமல் குண்டு வைத்து அனுப்பினான்; அதை வெடிக்கச் செய்யும் கருவி ஒரு கால்குலேட்டரில் இருந்தது. லண்டன் ஹீத்ரோ நிலையத்தில் அது பிடிபட்டது. 1988 டிசம்பரில் லாக்கர்பி நகரின் மேல் வெடித்த பான் ஆம் விமானத்திலும் குண்டு தோஷிபா ரேடியோ கேசட் செட்டுக்குள்தான் இருந்தது. 270 பேர் இறந்தனர். "யாராவது ஏதாவது கொடுத்துவிட்டார்களா?" என்று இன்று கவுண்டரில் கேட்கும் கேள்விக்குப் பின்னால் இத்தனை உயிர்கள் உள்ளன. பாவம், பக்கத்து வீட்டுக்காரருக்காக ஒரு செட்டு சுமந்து வந்த அப்பாவிக்கு அந்தக் கேள்வி அவமானமாகத் தோன்றியிருக்கலாம். ஆனால் கேள்வி நியாயமானது.

திருவனந்தபுரம் விமான நிலையம் 1991-ல் சர்வதேச நிலையமானது தென்காசிக்குப் பெரிய வசதி. வாடகைக் காரில் செங்கோட்டை, ஆரியங்காவு வழியாக மலை இறங்கிப் போய் ஆளைக் கூட்டி வந்துவிடலாம். காரின் கூரையில் கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டி ஊர் எல்லையிலேயே செய்தி சொல்லிவிடும்.

அந்த அட்டைப்பெட்டிக் காலத்தின் கடைசி அத்தியாயம் தட்டைத் திரைத் தொலைக்காட்சி. துபாயிலும் சிங்கப்பூரிலும் விலை குறைவு. வரியில்லாச் சலுகைக்குள் கொண்டுவரவும் முடிந்தது. 2013-ல் ரூபாயின் மதிப்பு சரிந்தபோது அரசு ஆகஸ்ட் 26 முதல் இந்தச் சலுகையை நீக்கியது. வரி 36.05 சதவீதம். அதாவது 40,000 ரூபாய் டி.வி.க்கு 14,420 ரூபாய். மற்ற பொருள்களுக்கான சலுகை வரம்பு 2014-ல் 45,000, 2016-ல் 50,000 ரூபாய் என்று உயர்ந்தபோதும் டி.வி.க்கு மன்னிப்புக் கிடைக்கவில்லை. அதற்குள் அதே டி.வி. தென்காசிக் கடைகளிலேயே தவணையில் கிடைக்கத் தொடங்கியிருந்தது.

பரிசுகள் எதிர்த்திசையிலும் போயின. சிங்கப்பூரில் இருக்கும் மகளுக்கு மிக்ஸியும், மேசை மேல் வைக்கும் கிரைண்டரும் இங்கிருந்து போகின்றன. கல் உள்ள கிரைண்டர்தான் எடையில் பாதியைத் தின்றுவிடும். அதனால் கல்லைத் தனியாகக் கழற்றி ஒருவர் பெட்டியிலும், மோட்டாரை இன்னொருவர் பெட்டியிலும் வைத்துப் பங்கு போடுகிறார்கள். அமெரிக்கா போவதென்றால் 110 வோல்ட் கிரைண்டர் கேட்டு வாங்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கே போய் மாவு அரைபடாது.