துண்டுச் சீட்டும் வைத்தியச் செலவும்



மன்னார் என்றவுடன் முத்துச் சலாபமும், பழைய கோட்டையும், பருத்துத் திரண்ட பெருக்க மரமும் நினைவுக்கு வருதல் இயல்பு. இன்று யான் பேசப் புகுவது அவற்றைப் பற்றியன்று. நோயுற்ற ஒருவன், தான் அறியாத, தன் சம்மதமின்றி எழுதப்பட்ட ஒரு கணக்குக்குக் கடனாளியாதல் முறையோ என்னும் கேள்வியைப் பற்றியது. பெருஞ்செல்வம் படைத்த அமெரிக்க நாட்டிலே, நோயாளர் எதிர்பாராத வைத்தியக் கட்டணங்களிலிருந்து அவர்களைக் காப்பதற்கென ஒரு சட்டம் 2022ஆம் ஆண்டு ஜனவரியிலேதான் நடைமுறைக்கு வந்தது. மன்னார்க் கரையிலோ அக்கேள்வி சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டிலேயே எழுந்துவிட்டது.

மலைநாட்டில் கோப்பி பயிரிடப்பட்ட காலம் அது. தமிழகத்திலிருந்து தோணியேறி வந்த தொழிலாளர் தலைமன்னாரிலும் அயற்கரைகளிலும் இறங்கினர். அங்கிருந்து மாந்தை, மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளைவரை 130 மைலுக்கு மேல் நடந்தே சென்றனர். வடபாதை என்று அதற்குப் பெயர். நீர் அரிது, நிழலும் அரிது, காட்டுக் காய்ச்சலும் வாந்திபேதியும் மட்டும் தாராளம். கூட்டத்தோடு நடக்க இயலாது வீழ்ந்தவர்கள் வழியிலேயே விடப்பட்டனர் என்பதை அக்கால அரசாங்க அறிக்கைகளே ஒப்புக்கொண்டுள்ளன. காலப்போக்கில் வழியிடையே கிணறுகளும், தங்கு கொட்டகைகளும், சிறு ஆஸ்பத்திரிகளும் அமைந்தன. ஆயினும், மலைநாட்டுக்குச் செல்வோர் தொகைக்கு அவை எம்மட்டு?

இப்பயணத்தின் செலவு யாருடையது? இங்கேதான் நம் கதையின் முடிச்சு இருக்கிறது. ஊரிலே கொடுத்த முன்பணம், தோணிக் கூலி, வழிச் சோறு யாவற்றையும் கங்காணி தன் கணக்கிலே எழுதிக்கொண்டான். தோட்டம் சேர்ந்ததும் அது தொழிலாளியின் கடனாயிற்று. அவன் காய்ச்சலில் கிடந்தால் அந்நாளுக்குக் கூலி இல்லை. முன்கூட்டிக் கொடுத்த அரிசியோ பற்றில் ஏறிக்கொண்டே இருந்தது. இறந்தவன் கடனையும் ஓடிப்போனவன் கடனையும் எஞ்சியிருந்தோர் தலையிற் பங்கிட்டதும் உண்டு. ஒரு தோட்டத்தைவிட்டு மற்றொன்றுக்குச் செல்ல விரும்பினால், இன்ன தொகை செலுத்தினால் இவர்களை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு வேண்டும். அதுவே 'துண்டு'. அதில் உள்ள தொகையைச் சரியா பிழையா என்று பார்க்கத் தொழிலாளிக்கு எழுத்தும் தெரியாது. கேட்க உரிமையும் இல்லை. மனிதனுடைய உடலுக்குப் போட்ட விலைச்சீட்டு என்று அதனைச் சொன்னால் மிகையாகாது.

சட்டம் வாளாவிருந்தது என்று கூறுதல் நேர்மையாகாது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், நோயுற்ற தொழிலாளிக்கு வைத்திய உதவி அளிக்கும் கடமையை முதலாளிமேல் சுமத்தியது. அது ஏட்டளவில் நின்றது. எனவே 1872இல் வைத்தியத் தேவைச் சட்டம் பிறந்தது. தோட்டப் பகுதிகள் வைத்திய மாவட்டங்களாக வகுக்கப்பட்டன. செலவுக்குப் பயிரிட்ட நிலத்தின்மீது முதலில் வரியும், பின்னர் ஏற்றுமதிப் பொருள்மீது தீர்வையும் விதிக்கப்பட்டன. நோயாளியின் மடியைத் தடவாமல் விளைச்சலிலிருந்தே வைத்தியத்துக்குப் பணம் எடுக்கலாம் என்னும் கருத்து இந்நாட்டுச் சட்டப் புத்தகத்தில் இவ்வாறு இடம்பெற்றது. எனினும் அது மலைநாட்டுக்கு உரிய ஏற்பாடு. மலையை அடையுமுன்னே மன்னார்க் காட்டில் மாண்டவனுக்கு அதனால் யாது பயன்?

அந்நூற்றாண்டின் இறுதியில் வடபாதை மூடப்பட்டது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் இருகரையிலும் இரயிலும் ஓடத் தொடங்கின. மண்டபத்திலே இலங்கை அரசாங்கம் நடத்திய முகாமில் தொழிலாளரைச் சில நாள் தங்கவைத்து, அம்மை குத்தி, கொக்கிப் புழுவுக்கு மருந்து கொடுத்து அனுப்பினர். (அதே மண்டபம் 1983க்குப் பின் எதிர்த் திசையில் சென்ற எம்மவர்க்கு அகதி முகாமாயிற்று; வரலாறு இடங்களை எளிதில் விடுவதில்லை.) 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தை அடுத்து, 1923இல் இலங்கையும் சட்டம் இயற்றியது. ஆட்சேர்ப்பு, பிரயாணம், வழியுணவு ஆகியவற்றின் செலவு முதலாளிகள் செலுத்தும் பொது நிதியைச் சேரும். அதைத் தொழிலாளியிடம் திரும்ப அறவிடல் ஆகாது. கணக்கு அவன் கையினின்றும் நீங்கியது. சம்பளம் உயர்ந்ததோ எனில், அது வேறு கதை.

துறைமுகத்தில் தோன்றிய இந்நியாயம் நாடெங்கும் பரவுவதற்குச் சர்வசன வாக்குரிமை வேண்டியிருந்தது. அது 1931இல் வந்தது. 1934, 1935ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய் நாட்டையே உலுக்கியது. வாக்குக் கேட்டுச் செல்வோர், ஆஸ்பத்திரி தாருங்கள் என்னும் குரலைக் கேளாதிருக்க முடியவில்லை. வசதியுடையோரிடம் அறவிட்டுவந்த கட்டணமும் 1951இல் நீக்கப்பட்டு, அரசாங்க வைத்தியசாலைகள் யாவர்க்கும் இலவசமாயின. 1971இல் புறநோயாளர் ஒவ்வொருவரிடமும் 25 சதம் பெறும் வழக்கம் வந்தது. இருபத்தைந்து சதம்தானே என்று எண்ணியோர் பலர். ஆனால் வைத்தியசாலைக்கு வருவோர் தொகை வெகுவாகக் குறைந்தது. வராது நின்றவர் யாவரும் நோயற்றவர் என்று யார் சொல்வர்? 1977இல் அக்கட்டணம் நீங்கியது.

தனியார் வைத்தியசாலைகளைப் பதிவுசெய்யும் சட்டம் 2006இலும், 48 மருந்துகளுக்கு உச்ச விலை 2016இலும் வந்தன. இருந்தும், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அரசாங்க மருந்தகங்களின் தட்டுகள் வெறுமையாயின. நோயாளர் மருந்தை வெளியே விலைக்கு வாங்க நேர்ந்தது. பேசாலையிலோ தலைமன்னாரிலோ உள்ள ஒரு மீனவர் குடும்பத்துக்கு, சிகிச்சை இலவசமே ஆயினும், யாழ்ப்பாணத்துக்கோ அநுராதபுரத்துக்கோ போய்வரும் பஸ் செலவும், கடலுக்குப் போகாத நாளின் இழப்பும் யார் ஏட்டிலும் எழுதப்படுவதில்லை. பழைய வழிச்செலவு போலவே அவை வீட்டுக் கடனில் ஏறுகின்றன.

வெளியே வாங்கும்படி எழுதிக் கொடுக்கப்படும் மருந்துச் சீட்டையும் எம் மக்கள் 'துண்டு' என்றே சொல்கின்றனர்.