ஏழுக்கு அப்புறம் ஒன்று

கவுண்டர்-ஸ்ட்ரைக்கின் பதிப்பு எண்களை வரிசையா எழுதிப் பார்த்தேன். ஒரு இடத்தில் கணக்கு உதைக்குது: 7.1-க்கு அப்புறம் 1.0 வருது!

1999 ஜூனில் மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு ரசிகர்கள், 'ஹாஃப்-லைஃப்' விளையாட்டை மாற்றியமைத்து இந்த 'மாட்'டை இலவசமா வெளியிட்டாங்க. அது பீட்டா 1. அடுத்த ஆண்டுக்குள்ள எண் பீட்டா 7.1 வரைக்கும் ஏறியாச்சு. இடையில் ஹாஃப்-லைஃபை உருவாக்கிய வால்வ் நிறுவனமே இதை வாங்கிக்கொண்டது. 2000 நவம்பரில் பெட்டியில் போட்டுக் கடைக்கு அனுப்பினப்போ, எண்ணை 1.0-லிருந்து மறுபடி தொடங்கினாங்க. அதுவரை ஊரே ஆடித் தீர்த்ததெல்லாம் வெள்ளோட்டம்னு ஆகிப்போச்சு.

2003 செப்டம்பரில் 1.6 வந்தது, வால்வின் ஸ்டீம் மென்பொருளோடு சேர்ந்து. பலர் 1.5-ஐ விட மனசில்லாமல் அதிலேயே இருந்தாங்க. 2004-இல் பழைய 'வான்' இணையச் சேவையை மூடினதும் அந்தப் பிடிவாதமும் தளர்ந்தது.

அதோட எண்ணும் நின்றுபோச்சு. 2013-இல் லினக்ஸுக்கு வந்தப்பவும் அது 1.6தான். இன்றைக்கும் ரசிகர்கள் "ஒன் பாயிண்ட் சிக்ஸ்"னு எண்ணையே பெயராச் சொல்றாங்க.

அடுத்த எண்ணை யார் வைக்கிறாங்கன்னு பாருங்க. விளையாட்டு யார் கையில்னு தெரிஞ்சிடும்.