பேசும் படமும் பாடும் படமும்

தமிழின் முதற் பேசும் படம் தமிழ்நாட்டில் எடுக்கப்படவில்லை, பம்பாயில் எடுக்கப்பட்டது. 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் சென்னை கினிமா சென்ட்ரல் கொட்டகையில் திரையேறிய 'காளிதாஸ்', அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் பிலிம் கம்பெனியார் தம் பம்பாய்ப் படப்பிடிப்பு நிலையத்தில் எடுத்த படம். அதே ஆண்டு மார்ச்சு 14ஆம் நாள் பம்பாய் மெஜஸ்டிக் கொட்டகையில் வெளிவந்த 'ஆலம் ஆரா'தான் இந்தியாவின் முதற் பேசும் படம். அதற்கென எழுப்பிய காட்சி அரங்குகளே 'காளிதாஸ்' படத்துக்கும் பயன்பட்டன. டி. பி. ராஜலட்சுமி தமிழிற் பேசினார். உடன் நடித்தவர்களுட் சிலர் தெலுங்கிலும் இந்தியிலும் விடையிறுத்தனர். ஆயினும் மக்கள் இந்தக் குழப்பத்தைப் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. ஏனெனில், படத்தில் ஐம்பதளவு பாடல்கள் இருந்தன என்பர். காளிதாசன் கதைக்கும் காந்தியடிகளின் கைராட்டினத்துக்கும் என்ன தொடர்பு என்று எவரும் கேட்கவில்லை. ராட்டினத்தைப் போற்றும் பாட்டு வந்தது, கொட்டகை மகிழ்ந்தது. பேசும் படம் என்று பெயர் பெற்ற அது, உண்மையில் பாடும் படமாகவே பிறந்தது.

அன்று தொட்டு நம்மிடையே இருவகைப் பார்வையாளர் இருந்து வருகின்றனர். பாட்டுத் தொடங்கியதும் வெற்றிலை போட எழுந்து போகிறவர் ஒருவர். பாட்டு முடிந்ததும், இனிக் கதை எப்படியேனும் ஆகுக என்று கண்ணயர்கிறவர் மற்றொருவர். இருவரும் ஒரே குடும்பத்தவராய், ஒரே வண்டியில் வந்து இறங்கியவராய் இருப்பதும் உண்டு. முன்னவரைச் சுவையறியாதவர் என்று பின்னவரும், பின்னவரை அறிவு முதிராதவர் என்று முன்னவரும் கூறக் கேட்டிருக்கிறோம். இரண்டும் தவறு என்றே நமக்குத் தோன்றுகிறது. இந்தப் பிணக்கு திரைப்படத்திற்கும் முற்பட்டது; நாடக மேடையிலேயே தோன்றியது.

சங்கரதாஸ் சுவாமிகள் 1867 முதல் 1922 வரை வாழ்ந்தவர். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவிச் சிறுவர்களை நடிகர்களாகப் பயிற்றியவர். அவருடைய வள்ளி திருமணத்தையும் பவளக்கொடியையும் காண வந்தவர்களுக்குக் கதை முன்பே தெரியும். வள்ளியை முருகன் மணப்பானா என்ற ஐயத்தோடு எவனும் வந்து அமர்ந்ததில்லை. வேடனாய் வந்தவனுக்கு வள்ளி எந்தப் பாட்டால் விடை சொல்லப் போகிறாள், அதை எந்த இராகத்திற் சொல்லப் போகிறாள் என்பதைக் கேட்கவே விடிய விடிய உட்கார்ந்திருந்தனர். பாட்டு அங்கே கதையை நிறுத்தவில்லை. நிறுத்துவதற்குக் கதையே இல்லை. பாட்டிலேதான் நிகழ்ச்சி முழுதும் நடந்தது.

பம்மல் சம்பந்த முதலியாரின் வழி வேறு. 1891இல் சென்னைக்கு வந்த பல்லாரி கிருஷ்ணமாச்சாரியாரின் தெலுங்கு நாடகக் குழுவைக் கண்டு வியந்து, அவ்வாண்டே சுகுண விலாச சபையைத் தொடங்கியவர் அவர். வழக்கறிஞர்களும் அலுவலர்களும் அச்சபையில் நடித்தனர், உரைநடையே ஓங்கியது. 'மனோகரா' போன்ற நாடகங்களில் அடுத்து என்ன நிகழும் என்பதே பார்வையாளரைப் பிணித்த கயிறு. இங்கே நீண்ட பாட்டு ஒன்று குறுக்கிட்டால் கயிறு தளரும்.

நாம் சொல்ல வருவது இதுதான். பாட்டை விரும்புவதும் வெறுப்பதும் காதின் குணம் மட்டும் அன்று. ஒருவர் கதையிடம் எதை எதிர்பார்த்து வருகிறார் என்பதைப் பொறுத்தது. தெரிந்த கதைக்கு வந்தவர் பாட்டை வேண்டுவார். தெரியாத கதைக்கு வந்தவர் முடிவை வேண்டுவார். சுவாமிகளின் 'பவளக்கொடி' 1934இல் படமாகி எம். கே. தியாகராஜ பாகவதரை நாடெங்கும் அறியச் செய்தது. அவரது 'ஹரிதாஸ்' 1944ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வெளிவந்து, சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. ஒரே படத்தைப் பத்து முறை பார்த்தவர்களுக்கு முடிவு தெரியாமலா இருந்தது?

சம்பந்த முதலியாரின் 'மனோகரா' 1954இல் மு. கருணாநிதியின் உரையாடலோடு படமாகி வந்தது. இயக்கியவர் எல். வி. பிரசாத். 'ஆலம் ஆரா'விலும் 'காளிதாஸ்' படத்திலும் சிறு வேடங்களில் நடித்த அதே பிரசாத்தான். பாட்டு வெள்ளத்திற் குளித்தெழுந்த ஒருவர், இருபத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின் வசனத்துக்குப் புகழ்பெற்ற படமொன்றை அளித்தார் என்பது எண்ணத்தக்கது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன் வந்த 'பராசக்தி'யின் வசனத்தை இளைஞர்கள் மனப்பாடம் செய்து ஒப்பித்தனர். அதுவும் ஒருவகைப் பாட்டே அன்றோ என்று கேட்பாரும் உண்டு. அவ்வழக்கினுள் இப்போது புக வேண்டா.

மேனாடுகளில் நிலைமை வேறு. அமெரிக்காவில் 1927ஆம் ஆண்டு 'ஜாஸ் சிங்கர்' பாட்டோடுதான் வந்தது. அதைத் தொடர்ந்து பாட்டுப் படங்கள் குவிந்தன. மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் மக்கள் சலித்துப் போயினர். பின்னர் 1933இல் 'நாற்பத்திரண்டாவது தெரு' என்னும் படம் அவ்வகைக்கு மீண்டும் உயிரளித்தது. எனினும் அங்கே பாட்டுப் படம் என்பது துப்பறியும் படம், குதிரைவீரர் படம் என்பன போலத் தனி வகை. விரும்பாதவர் அடுத்த கொட்டகைக்குப் போய்விடலாம். இங்கே பாட்டு ஒரு வகை அன்று. எல்லாப் படத்துக்கும் உரிய உறுப்பு. ஆதலால் நம் நாட்டில் பாட்டை வெறுப்பவனுக்குப் புகலிடம் இல்லை. வெளியே போய் வெற்றிலை போடுவதே வழி. அவனது சலிப்பு மிகுதியாய் இருப்பதன் காரணம் இதுவே.

அவனுக்கு மற்றொரு குறையும் உண்டு. 'ஆலம் ஆரா' எடுத்த காலத்தில் பாட்டையும் படத்தையும் ஒரே வேளையிற் பதிய வேண்டியிருந்தது. படப்பிடிப்பு நிலையத்தின் அருகே இருப்புப்பாதை இருந்தமையால், வண்டிகளின் ஓசை அடங்கிய நள்ளிரவுக்குப் பின்னரே பெரும்பாலும் படம்பிடித்தனர். வாத்தியக்காரர்கள் காமிராவின் கண்ணிற் படாமல் மறைந்திருந்து வாசித்தனர். இவ்வளவு தொல்லை இருந்தும் ஒரு நேர்மை இருந்தது: பாடியவர் வாயே பாடிற்று. 1935இல் கல்கத்தா நியூ தியேட்டர்சார் 'தூப் சாவ்' படத்திற் பின்னணிப் பாடலைப் புகுத்தினர். தமிழில் 1938இல் ஏவி. மெய்யப்பரின் 'நந்தகுமார்' அவ்வழியைத் தொடங்கியது. முகம் ஒருவருடையது, குரல் வேறொருவருடையது என்றாயிற்று. பாகவதரைக் கண்ணாரக் கண்டு காதாரக் கேட்டவர்களுள் சிலருக்கு இது பொய்யாகப் பட்டது. வேறு பலருக்கோ, அழகிய முகமும் சிறந்த குரலும் ஒருங்கே கிடைத்தது வரமாகப் பட்டது. பாட்டை விரும்பியவர்களே இவ்விடத்தில் இரண்டாகப் பிரிந்தனர் என்பதை மறத்தலாகாது.

பாட்டில்லாப் படம் எடுத்துப் பார்த்தவர்களும் இருந்தனர். அதையும் பம்பாயே முதலிற் செய்தது. 1937இல் பரேலில் இருந்த வாடியா மூவிடோன் 'நவ்ஜவான்' என்னும் படத்தைப் பாட்டின்றி வெளியிட்டது. அது வழக்கமாகவில்லை. நிலையம் இருந்த அதே இடத்தில் 1942இல் வி. சாந்தாராம் ராஜ்கமல் கலாமந்திரை அமைத்தார். பாட்டும் நடனமும் நிறைந்த 'ஜனக் ஜனக் பாயல் பாஜே' 1955இல் அந்நிறுவனத்தின் பெயரில் வந்தது.

தமிழில் 1954ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் வெளியான 'அந்த நாள்' பாட்டும் நடனமும் அறவே இல்லாத முதற் படம். சிவாஜி கணேசன் நடித்தது. நடுவணரசின் விருதும் பெற்றது. கொட்டகை வருவாய் மட்டும் அந்த அளவுக்கு இல்லை. இயக்கியவர் யார் என்பதே வியப்பு. அவர் இசை வெறுத்தவர் அல்லர், வீணை எஸ். பாலசந்தர்! இசையே மூச்சான ஒருவர் தம் படத்தினின்று பாட்டை நீக்கினார் எனின், பாட்டை நீக்குவது இசைப்பகை ஆகாது என்பது தெளிவு. பாலசந்தர் எடுத்த கதை கொலைக் கதை. சுட்டவர் யார் என்பதே கேள்வி. இந்தியில் பி. ஆர். சோப்ராவின் 'கானூன்' 1960இலும், யஷ் சோப்ராவின் 'இத்தஃபாக்' 1969இலும் பாட்டின்றி வந்தன. அவையும் கொலை வழக்குகளே. முடிவு தெரியாத கதையின் எல்லை கொலைக் கதை. நாம் முன்னர்க் கூறிய விதி இங்கே தானே மெய்ப்படுகிறது.

இனி, பாட்டை வெறுத்தவர் கையில் ஆட்சி வந்தபோது நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். வானொலியின் ஏட்டிலேயே இதை எழுதுவது சற்றுக் கூச்சம் தருவதுதான். ஆயினும் வரலாற்றை விட்டுச் செல்லலாகாது. 1952இல் செய்தி ஒலிபரப்புத் துறை அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர் இசைப் புலமை உடையவர். திரைப்பாட்டு நாட்டின் செவியைக் கெடுக்கிறது என்று உண்மையாகவே கருதினார். அவர் காலத்தில் வானொலியில் திரைப்பாட்டின் பங்கு குறுகியது. படத்தயாரிப்பாளரோடு பிணக்கு மூண்டு, சிறிது காலம் அது முற்றிலும் நின்றது. அதன் இடத்தை மெல்லிசையால் நிரப்ப முயன்றனர். நற்பாடல்கள் பல அவ்வழியிற் பிறந்தன என்பதை ஒப்புவோம். ஆனால் கேட்பவர்கள் காத்திருக்கவில்லை. வானொலிப் பெட்டியின் முள்ளை இலங்கைக்குத் திருப்பினர். 1952 டிசம்பரில் இலங்கை வானொலியில் 'பினாக்கா கீத்மாலா' தொடங்கியது. அமீன் சயானி பம்பாயிற் பேசிப் பதிந்த ஒலிநாடா கொழும்புக்குப் பறந்து, அங்கிருந்து பம்பாய்க்கே ஒலியாய்த் திரும்பியது. நம் ஊர்ப் பாட்டைக் கடல் கடந்து கேட்ட விந்தை அது. இலங்கையின் தமிழ்ப் பகுதியையும் தமிழ்நாட்டு வீடுகள் அவ்வாறே பற்றிக்கொண்டன. 1957 அக்டோபர் 3ஆம் நாள் அகில இந்திய வானொலி விவித் பாரதியைத் தொடங்கித் திரைப்பாட்டுக்கு மீண்டும் கதவு திறந்தது. ஐந்தாண்டுகள் இடையே கழிந்திருந்தன.

1995 முதல் மும்பை என வழங்கும் அந்நகரின் தமிழர்களிடையே இப்பிணக்குக்குத் தனிச்சாயல் ஒன்று உண்டு. மாட்டுங்காவிற் குடியேறிய தமிழர் பலர் அலுவலகப் பணியினர். கச்சேரிப் பழக்கத்தை உடன் கொணர்ந்தவர். அவர்கள் பேணிய சண்முகானந்த சபை 1952இல் தோன்றி, 1963இற் பேரரங்கம் கண்டது. 1990இல் நெருப்பால் அழிவுற்று மீண்டும் எழுந்தது. தாராவிக்கோ, திருநெல்வேலிச் சீமையினின்று தோல் பதனிடும் தொழிலுக்காகப் பலர் முன்னரே வந்து சேர்ந்திருந்தனர். மாட்டுங்காக் காதுக்குத் திரைப்பாட்டு இராகத்தை நீர்க்கச் செய்தது என்ற குறை இருந்தது. ஆயினும் பாபநாசம் சிவன் பாடலைப் பாகவதர் பாடினால் அக்காது மறுத்ததில்லை. தாராவியிலோ பாட்டுக்கு வேறொரு பணியும் இருந்தது. இந்தியும் மராத்தியும் சூழ வளர்ந்த பிள்ளைகளுள் தமிழெழுத்து அறியாதவர் பலர். அவர்கள் வாயில் நின்ற தமிழ்ச் செய்யுள் திரைப்பாட்டு ஒன்றே. கதை நிற்கிறதே என்று குறைப்படுகிறவர் இதை எண்ணிப் பார்த்தல் தகும். மாட்டுங்காவில் தமிழ்ப் படம் காட்டிய அரோரா கொட்டகையில் இருசாராரும் கலந்தே அமர்ந்தனர்.

செம்பூரின் பங்கு வேறு. அங்கே ராஜ் கபூர் 1948இல் தொடங்கிய ஆர். கே. நிலையத்திலிருந்து வந்த 'ஆவாரா'வின் கனவுக் காட்சி, ஏறக்குறைய ஒன்பது நிமிடம் கதையை நிறுத்திவைத்துப் பாடுகிறது. அதையே கடல் கடந்து சோவியத்து மக்கள் கொண்டாடினர். அந்நிலையத்தின் 'ஆஹ்' 1953இல் 'அவன்' என்று தமிழ் பேசியது. கம்பதாசன் இயற்றிய சொற்களை ஏ. எம். ராஜாவும் ஜிக்கியும் பாடினர். படத்தை மறந்தவர்களும் அப்பாடல்களை மறக்கவில்லை. 2017இல் நிலையத்தின் பெரும்பகுதி தீக்கிரையாயிற்று. பின்னர் நிலமும் விற்கப்பட்டது.

பாட்டில்லாப் படங்களாற் புகழ்பெற்ற சத்தியஜித் ராய் 1969இல் தாமே பாட்டெழுதி இசையமைத்து 'கூபி காயின் பாகா பாயின்' எடுத்தார். பாலு மகேந்திரா 1988இல் 'வீடு' எடுத்தபோது பாட்டை விலக்கினார். ஆனால் இளையராஜாவின் இசைத்தொகுப்பு ஒன்றினின்று இசையை எடுத்துக்கொண்டார். இவர்களை எந்தக் கட்சியிற் சேர்ப்பது?

2018இல் தாராவியைக் களமாகக் கொண்ட 'காலா' வந்தது. அதன் பாடலில் தாராவி இளைஞர் குழு ஒன்றின் குரலும் சேர்ந்தது. தாளத்தோடு இயைந்த விரைவுப் பேச்சு அது, ராப் என்பர். கதை நிற்கவும் இல்லை, பேச்சு நிற்கவும் இல்லை. மாட்டுங்காப் பெரியவர் ஒருவரிடம் அதைப் போட்டுக் காட்டினோம். முழுதும் கேட்டார். "இது பாட்டா, வசனமா?" என்றார். பிறகு, "இன்னொரு முறை வையுங்கள்" என்றார்.