சொன்னது யார் என்பதும் நிரூபணம் என்பதும்

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை செல்லும் சாலையில் சுமார் 9 கி.மீ. தூரத்தில் இருக்கிறது திருவிடைமருதூர். அங்குள்ள மகாலிங்கசுவாமி கோவிலைப் பற்றி ஒரு கதை வழங்கி வருகிறது. அத்வைதமே உண்மை என்று வாதிட்டு வந்த ஆதிசங்கரர், அந்தச் சன்னதியில் நின்று இறைவனையே சாட்சி கேட்டாராம். லிங்கத்திலிருந்து ஒரு கை வெளிப்பட, "சத்தியம் அத்வைதம்" என்று மூன்று முறை குரல் கேட்டதாம். வாதம் அத்துடன் முடிந்தது.

ஒரு கூற்றை நிலைநாட்ட இது ஒரு வழி. சொன்னவர் யார் என்பதே இங்கே சான்று. ஆனால் தமிழில் இன்னொரு வழியும் பழையதுதான். மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தர்க்கம் கற்பிக்கிறார். அவர் சொல்லும் பௌத்த அளவையில் சான்றுகள் இரண்டே: காட்சி, கருத்து. கண்ணால் காண்பது முதலாவது. கண்டதை வைத்துக் காணாததை ஊகிப்பது இரண்டாவது. மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு உண்டு. அடுப்படியில் அப்படித்தானே பார்க்கிறோம்! நிறுவ வேண்டியது பக்கம், அதற்கான காரணம் ஏது, தெரிந்த உதாரணம் திட்டாந்தம். இங்கே பேசுபவர் யாராக இருந்தாலும் கவலையில்லை.

சரி, இதில் குறியீடுகள் எதற்கு? சாதாரணப் பேச்சு மொழி சில இடங்களில் நம்மை ஏமாற்றிவிடும். "மேட்டூர் அணையைத் திறந்தால் காவிரியில் தண்ணீர் வரும்" என்பதை உண்மை என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஆற்றில் தண்ணீர் வந்திருக்கிறது. அப்படியானால் மேட்டூரைத் திறந்துவிட்டார்கள் என்று சொல்லலாமா? கேட்பதற்குச் சரி போலத் தோன்றும். ஆனால் பவானியும் அமராவதியும் மேட்டூருக்குக் கீழேதான் காவிரியில் கலக்கின்றன. அந்தத் தண்ணீராகவும் இருக்கலாம் அல்லவா?

அணை திறப்பதை 'ம' என்றும், தண்ணீர் வருவதை 'த' என்றும் வைத்துக்கொண்டால் விஷயம் தெளிவாகிறது:

ம → த, ம உண்மை. ஆகவே த உண்மை. (சரி)
ம → த, த உண்மை. ஆகவே ம உண்மை. (தவறு)
ம → த, த இல்லை (¬த). ஆகவே ம இல்லை (¬ம). (சரி)

இந்த எழுத்துகளுக்குப் பதில் எந்த வாக்கியத்தை வைத்தாலும் முடிவு மாறாது. அணையும் ஆறும் மறைந்து வாதத்தின் வடிவம் மட்டும் மிஞ்சுகிறது. குறியீட்டுத் தர்க்கத்தின் அடிப்படை இதுதான். ஜார்ஜ் பூல் 1847-லும் 1854-லும் எழுதிய நூல்கள் இதற்கு அடித்தளம் போட்டன. கோட்லோப் ஃப்ரெகே 1879-இல் "எல்லா" என்ற சொல்லுக்கும் குறியீட்டு இலக்கணம் கொடுத்தார். பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் வைட்ஹெட்டும் கணிதம் முழுவதையும் இந்த மொழியில் எழுதிவிட முயன்று, 'பிரின்கிபியா மேத்தமேட்டிகா' என்ற நூலை 1910 முதல் 1913 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்டனர். 1+1=2 என்பதை நெருங்கவே அதில் 300 பக்கங்களுக்கு மேல் ஆனது!

அப்போது ரஸ்ஸல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் பணியாற்றி வந்தார். அதே கல்லூரியில் இருந்த ஹார்டிக்கு 1913-இல் சென்னையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன். கல்லூரித் தேர்வில் தேறாதவர், சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா. ஜனவரி 16 தேதியிட்ட அந்தக் கடிதத்தில் பெரும்பகுதி சமன்பாடுகள். அவற்றுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. சாரங்கபாணி சன்னதித் தெருவில் சிலேட்டில் போட்ட கணக்கின் மொழியும் கேம்பிரிட்ஜின் மொழியும் ஒன்றுதான்.

ஒரு குறை மட்டும் இருந்தது. காகிதம் கட்டுப்படியாகாததால் ராமானுஜன் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்துவிடுவார். முடிவை மட்டும் நோட்டில் குறித்துக்கொள்வார். நாமகிரித் தாயாரின் அருள் என்பார். ஹார்டி கேட்டதோ நிரூபணம்.

இது வெறும் சம்பிரதாயமா? இல்லை. பகா எண்கள் எத்தனை என்று சொல்லும் ஒரு சூத்திரத்தைக் கண்டுபிடித்திருப்பதாக அந்தக் கடிதத்தில் இருந்தது. எண்கள் எவ்வளவு பெரிதானாலும் அதன் பிழை பொதுவாகப் பூஜ்யமாகவோ சிறியதாகவோதான் இருக்கும் என்று ராமானுஜன் எழுதியிருந்தார். சிறிய எண்களுக்கு அது வியப்பூட்டும் அளவு பொருந்தும். ஆனால் "எல்லா எண்களுக்கும்" (∀) என்றால் அது தவறு. பிழை எல்லையில்லாமல் வளரக்கூடியது.

எத்தனை உதாரணம் பார்த்தாலும் ∀ கிடைக்காது என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. பத்து லட்சத்துக்குள் பகா எண்கள் 78,498. காஸ் தந்த மதிப்பீடு சுமார் 78,627. எண்ணிப் பார்த்த இடமெல்லாம் மதிப்பீடே அதிகமாக இருந்தது. எப்போதும் அப்படி இருக்காது, முடிவில்லாத முறை இது தலைகீழாகும் என்று ஹார்டியின் தோழர் லிட்டில்வுட் 1914-இல் நிரூபித்தார். அப்படித் தலைகீழாகும் இடமாக இன்று அறியப்படுவது 317 இலக்க எண் ஒன்றின் அருகில்! யாரும் எண்ணிப் பார்த்து அங்கே போய்ச் சேர முடியாது. நிரூபணம் போய்ச் சேர்ந்தது.

ராமானுஜன் 1920-இல் 32 வயதில் மறைந்தார். அவருடைய நோட்டுப் புத்தகங்களில் இருந்த 3000-க்கும் மேற்பட்ட முடிவுகளுக்கு நிரூபணம் தேடிய புரூஸ் பெர்ன்ட், 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக அவற்றை வெளியிட்டார். மிகப் பெரும்பாலானவை சரி, சில தவறு என்று தெரிந்தது.

ராமானுஜன் எழுதினார் என்பதற்காக ஒரு சூத்திரம் சரியாகிவிடவில்லை. அதே போல, தேர்வில் தேறாத ஒரு குமாஸ்தா எழுதினார் என்பதற்காக எதுவும் தவறாகிவிடவும் இல்லை. இந்த இரண்டாவது நியாயம் கிடைக்க வேண்டுமானால் முதலாவதையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.