மௌனம் காத்த திரைகள்

2002 ஆம் ஆண்டு ஜூலை 2 ஆம் திகதி அதிகாலை. நகரப் பதிப்பு அச்சுக்குப் போய்விட்டது. இரவுக் கடமை முடிந்து புறப்பட ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோது வெளிநாட்டுச் செய்திச் சேவையில் ஓர் அவசரச் செய்தி வந்தது. ஜேர்மனியின் தென்புறத்தில், ஊபர்லிங்கன் நகருக்கு மேலே, இரு விமானங்கள் நடுவானில் மோதியிருந்தன. ஒன்று சரக்கு விமானம். மற்றையது ரஷ்யப் பள்ளிச் சிறுவர்களை விடுமுறைக்காக ஸ்பெயினுக்கு ஏற்றிச்சென்ற விமானம். இரண்டிலும் இருந்த 71 பேரில் எவரும் தப்பவில்லை.

அடுத்த சில தினங்களில் நான் இட்ட தலைப்பொன்று இன்றும் நெஞ்சை உறுத்துகிறது. ‘கட்டுப்பாட்டாளரின் தவறால் விபத்து’ என்பதே அது. மூன்று சொற்களில் ஒரு மனிதனைக் குற்றவாளியாக்கியிருந்தேன். அது ஏன் தவறு என்பதைச் சொல்வதற்கு, அம்மனிதனின் முன்னால் இருந்த திரையின் வரலாற்றைச் சற்றுக் கூறவேண்டும்.

1929 இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் விமானத்தளத்தில் ஆர்ச்சி லீக் என்பவர் தள்ளுவண்டியில் ஒரு கதிரையையும் இரு கொடிகளையும் கொண்டுசென்று ஓடுபாதையோரம் அமர்ந்தார். கட்டமிட்ட கொடி ‘செல்’ என்றது. சிவப்புக் கொடி ‘நில்’ என்றது. விமானியைக் கட்டுப்பாட்டாளரும், கட்டுப்பாட்டாளரை விமானியும் கண்ணால் கண்ட காலம் அது. 1935 டிசெம்பரில் நியூவார்க்கில் முதலாவது வான்வழிக் கட்டுப்பாட்டு நிலையம் திறக்கப்பட்டதோடு அந்த நிலை மாறிற்று. அங்கிருந்தவர்கள் விமானங்களைக் காணவில்லை. மேசையில் விரித்த வரைபடத்தின் மீது, விமானத்துக்கு ஒன்றாகச் சிறு அடையாளங்களைக் கையால் நகர்த்தினர். அவற்றின் வடிவத்தைப் பார்த்து ‘இறால் படகுகள்’ என்று பெயரிட்டனர். போருக்குப் பின்னர் ராடர் வந்தபோதும் அப்படகுகள் மறையவில்லை. திரையைக் கிடையாகப் படுக்கவைத்து, ஒளிப்புள்ளிகளுக்கு அருகே பிளாஸ்டிக் படகுகளைத் தள்ளினார்கள்.

மனிதனும் இயந்திரமும் சந்திக்கும் இந்த இடத்தையே இன்று ‘இடைமுகம்’ என்கிறோம். அதை எவ்வாறு அமைப்பது என்ற கேள்வியை முறையாக ஆராய்ந்தவர்களுள் முன்னோடி, அமெரிக்க உளவியலாளர் போல் ஃபிட்ஸ். 1951 இல் அவரது தலைமையில் வெளியான அறிக்கை, மனிதன் எதில் சிறந்தவன், இயந்திரம் எதில் சிறந்தது என்று பட்டியலிட்டது. எதிர்பாராததைச் சமாளிப்பதிலும் முடிவெடுப்பதிலும் மனிதன் சிறந்தவன். சலிக்காமல் ஒரே வேலையைச் செய்வதில் இயந்திரம் சிறந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே பிரித்தானியாவில் நோர்மன் மக்வேர்த் நடத்திய சோதனைகள், அரிதாகத் தோன்றும் குறிகளைத் தேடித் திரையைப் பார்த்திருப்பவரின் விழிப்பு அரை மணி நேரத்திலேயே தளர்கிறது என்று காட்டியிருந்தன. ஆகவே, சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் காவலாளியாக மனிதனை ஆக்கிவிடலாகாது என்பது அன்றே அறியப்பட்ட உண்மை.

1956 ஜூன் 30 ஆம் திகதி கிரான்ட் கன்யன் பள்ளத்தாக்கின் மேலே இரு பயணிகள் விமானங்கள் மோதி 128 பேர் மாண்டனர். அதன் பின்னரே அமெரிக்க அரசு ராடருக்குப் பெரும்பணம் ஒதுக்கியது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் கணினி நுழைந்தது. ஒளிப்புள்ளியின் அருகே விமானத்தின் அழைப்புப் பெயரும் உயரமும் வேகமும் தாமாகவே தோன்றின. இறால் படகுகள் விடைபெற்றன.

விடைபெற மறுத்தது கடதாசி. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு நீண்ட கீற்று. அதில் பயண விபரம். கட்டுப்பாட்டாளர் தாம் இட்ட உத்தரவுகளைப் பேனையால் குறிப்பார். பாரிஸுக்கு அருகிலுள்ள அத்தி-மொன் நிலையத்தில் கட்டுப்பாட்டாளர்களைக் கூர்ந்து கவனித்த வெண்டி மக்கே, கடதாசி ஏன் நிலைத்தது என்பதை 1999 இல் எழுதினார். சிக்கல் தரக்கூடிய விமானத்தின் கீற்றை அவர்கள் வரிசையிலிருந்து சற்று வெளியே இழுத்து வைப்பார்கள். அருகில் இருப்பவரும் அதைக் காண்பார், வார்த்தை தேவையில்லை. இதை வாசித்தபோது எங்கள் ஆசிரிய பீடத்தின் பழைய மேசை கண்முன் வந்தது. சந்தேகமுள்ள செய்தியின் தாளைக் குறுக்காக வைப்போம். அடுத்து வருபவர் எதுவும் கேளாமலே அதை மீண்டும் சரிபார்ப்பார். மேசையும் பேசும். அமெரிக்கா 1988 இல் தொடங்கிய மாபெரும் நவீனமயத் திட்டம், கீற்றுகளைத் திரைக்கு மாற்றுவதையும் உள்ளடக்கியிருந்தது. அத்திட்டத்தின் பெரும்பகுதி 1994 இல் கைவிடப்பட்டது.

திரை பேசாதபோது என்ன நடக்கும் என்பதற்கு இரு சான்றுகள் உண்டு. 1997 ஓகஸ்ட் 6 ஆம் திகதி குவாம் தீவில் கொரிய விமானம் குன்றில் மோதி 228 பேர் இறந்தனர். தாழப் பறக்கும் விமானத்தைப் பற்றிக் கட்டுப்பாட்டாளரை எச்சரிக்கும் கருவி அங்கே இருந்தது. அது அடிக்கடி பொய் எச்சரிக்கை எழுப்பியமையால், அதன் பெரும்பகுதியை அதிகாரிகளே முடக்கிவைத்திருந்தனர். தொல்லை தந்த குரலைத் திருத்துவதற்குப் பதிலாக அதன் வாயை அடைத்துவிட்டார்கள்.

மற்றது ஊபர்லிங்கன். ஜேர்மனிய விசாரணையாளர்களின் அறிக்கை 2004 மே மாதம் வெளிவந்தது. அன்றிரவு சூரிச் நிலையத்தில் பராமரிப்பு வேலை நடந்தது. இரு விமானங்கள் நெருங்கினால் திரையில் தோன்றவேண்டிய எச்சரிக்கை இயங்கவில்லை. கட்டுப்பாட்டாளர் அதை அறிந்திருக்கவில்லை. பிரதான தொலைபேசி இணைப்புத் துண்டிக்கப்பட்டிருந்தது. மாற்று இணைப்பும் பழுது. கார்ல்ஸ்ரூவ நகரிலிருந்த ஜேர்மனியக் கட்டுப்பாட்டாளர்கள் ஆபத்தைக் கண்டு மீண்டும் மீண்டும் அழைத்தும் பயனில்லை. சகா ஓய்வுக்குச் சென்றிருக்க, அவர் தனியாக இரு திரைகளைக் கவனித்தார். மோதலுக்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருக்கையில் ஆபத்தை உணர்ந்து, ரஷ்ய விமானத்தைக் கீழிறங்கச் சொன்னார். அதே வேளையில் அவ்விமானத்துக்குள் இருந்த மோதல் தவிர்ப்புக் கருவி மேலேறச் சொல்லிற்று. மற்ற விமானத்தை அதன் கருவி கீழிறங்கச் சொல்லிற்று. ரஷ்ய விமானிகள் மனிதனின் குரலுக்குக் கீழ்ப்படிந்தார்கள். கருவிகள் சொன்னதை அவருடைய திரை அவருக்குக் காட்டவில்லை.

அவ்விபத்தில் மனைவியையும் இரு பிள்ளைகளையும் இழந்த ஒருவர், அறிக்கை வெளிவருவதற்கு முன்னரே, 2004 பெப்ரவரி 24 ஆம் திகதி அக்கட்டுப்பாட்டாளரைக் குத்திக் கொன்றார். 2007 இல் சுவிஸ் நீதிமன்றம் அந்நிறுவனத்தின் நான்கு அலுவலர்களைக் குற்றவாளிகளாகக் கண்டது.

ஓர் இயந்திரம் பேசுவது மட்டும் போதாது. தான் பேசுவதை நிறுத்திவிட்டால் அதையும் அது சொல்லவேண்டும். வெறுமையான திரையைப் பார்ப்பவன் வானம் அமைதியாக இருக்கிறது என்றே எண்ணுவான். இத்துறையின் வரலாற்றில் நான் கண்ட பாடம் இது ஒன்றே.

தலைப்புக்கு இடம் எப்போதும் குறைவு. ஒரு மனிதனின் தவறு அதில் எளிதாக அடங்கிவிடும். அன்று வெளிவந்த பக்கத்தை நான் இன்னும் வைத்திருக்கிறேன். திருத்தம் வெளியிடும் வாய்ப்பு அப்போது அமையவில்லை. இதையே அந்தத் திருத்தமாக வாசகர்கள் ஏற்றுக்கொள்ளட்டும்.