எஞ்சின் இரைச்சலுக்காகப் பிறந்த பிள்ளை

கடலூர் லாரன்ஸ் ரோட்டிலோ சிதம்பரம் மேல வீதியிலோ ஒரு செல்போன் கடையில் ஏறி, காதை முழுக்க மூடும் நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போன் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டாயிரத்துக்கும் எடுத்துக் காட்டுவார்கள், இருபதாயிரத்துக்கும் காட்டுவார்கள். பெட்டிக்குப் பெட்டி பெரிய எழுத்தில் ஒரு டெசிபல் கணக்கு இருக்கும். கடைக்காரர் சொல்வது மட்டும் எல்லா விலைக்கும் ஒன்றுதான்: "மாட்டிக்கிட்டீங்கன்னா வெளிச் சத்தமே கேக்காது சார்."

அதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று தெரிந்துகொள்ள, இந்தச் சாதனம் எந்த இரைச்சலை ஒழிக்கப் பிறந்தது என்று பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டு டிவிக்காகவோ தெருமுனைக் கூம்பு ஒலிபெருக்கிக்காகவோ யாரும் இதைக் கண்டுபிடிக்கவில்லை. எஞ்சினுக்காகவே கண்டுபிடித்தார்கள். பிறந்த நாளில் இருந்த அந்தக் குணம் இன்றுவரை மாறவில்லை.

யோசனை மிகப் பழையது. பால் லூக் என்ற ஜெர்மானியர் 1933-இல் தன் நாட்டில் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1936 ஜூனில் அமெரிக்காவும் அதற்குக் காப்புரிமை கொடுத்தது. ஒலி என்பது காற்றின் ஏற்ற இறக்கம். ஒரு மைக்கில் அதைப் பிடித்து, ஏற்றத்துக்கு இறக்கமும் இறக்கத்துக்கு ஏற்றமுமாகத் திருப்பி, ஒலிபெருக்கி வழியே அதே இடத்தில் விட்டால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். காகிதத்தில் அவர் சொன்னது இவ்வளவுதான். செய்து காட்டும் அளவுக்கு அன்றைய வால்வு ரேடியோ காலத்தில் வசதி இல்லை.

வசதி வந்த பிறகும் ஒரு சிக்கல் தீரவில்லை. ஆடி வரும் ஊஞ்சலைச் சரியான கணத்தில் எதிர்த்துத் தள்ளினால் நின்றுபோகும். கை கொஞ்சம் தாமதித்தால் அதே தள்ளல் ஊஞ்சலை இன்னும் வேகமாக்கிவிடும். எதிர் ஒலியும் அப்படித்தான். விநாடிக்கு 100 முறை அதிரும் தாழ்ந்த முழக்கம் என்றால் ஒரு அதிர்வுக்கு நூறில் ஒரு பங்கு விநாடி கிடைக்கிறது. மின்சுற்றுக்கு அது தாராளமான நேரம். விநாடிக்கு 3,000 முறை அதிரும் கீச்சொலியில் ஆறாயிரத்தில் ஒரு பங்கு விநாடி பிந்தினாலே எதிர்ப்பு, ஆதரவாக மாறிவிடும். ஆகவே இந்த வித்தை தாழ்ந்த, சீராக ஓடும் ஓசைகளிடம் ஜெயிக்கும். உயர்ந்த, திடீரென வெடிக்கும் ஓசைகளிடம் தோற்கும். விலை கூடக்கூட தோல்வி கொஞ்சம் குறையும், அவ்வளவே.

சீராக, தாழ்வாக, நாள் முழுக்க முழங்கும் ஓசை எங்கே இருந்தது? விமானத்தில். 1953-இல் ஆர்சிஏ நிறுவனத்தைச் சேர்ந்த ஹாரி ஓல்சனும் எவரெட் மேயும், மைக்கும் ஒலிபெருக்கியும் சேர்ந்த 'மின்னணு ஒலி உறிஞ்சி' ஒன்றைச் செய்து காட்டினார்கள். பயணியின் தலைக்குப் பக்கத்தில் அதைப் பொருத்தலாம் என்பது அவர்கள் எண்ணம். தலையை நகர்த்தினால் பலன் போய்விடும். அடுத்து லாரன்ஸ் ஃபோகல் என்பவர், விமானி அறையின் பேரிரைச்சலிலும் வானொலிப் பேச்சு தெளிவாகக் கேட்கும்படி காதில் மாட்டும் கருவியிலேயே எதிர் ஒலியைச் சேர்க்கும் முறைக்கு 1954-இல் விண்ணப்பித்து, 1960-இல் காப்புரிமை பெற்றார். தலையோடு சேர்ந்தே ஒலிபெருக்கியும் நகரும் என்பதால் ஓல்சனின் தொல்லை இதில் இல்லை.

காதை மூடும் கிண்ணங்கள் அதற்குள் தயாராக இருந்தன. 1910-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியல் பால்ட்வின் தன் வீட்டுச் சமையலறையில் செய்து கடற்படைக்கு அனுப்பிய ஹெட்போனும், 1958-இல் ஜான் காஸ் இசை கேட்பதற்கென்று கொண்டுவந்த ஸ்டீரியோ ஹெட்போனும் இந்த வம்சத்தின் மூத்தவர்கள். கிண்ணத்தின் பங்கைக் குறைத்துச் சொல்லக் கூடாது. எதிர் ஒலியால் முடியாத கீச்சொலிகளைத் தடுப்பது அந்த மெத்தைதான். மின்சாரம் கீழ் ஓசைகளைப் பார்த்துக்கொள்கிறது, பஞ்சு மேல் ஓசைகளைப் பார்த்துக்கொள்கிறது. மலிவு விலையில் நல்ல ஏஎன்சி, அதாவது எதிர் ஒலியால் இரைச்சலை அடக்கும் வசதி, வேண்டுமென்றால் காதுக்குள் செருகுவதைவிடக் காதை மூடுவதை நான் சிபாரிசு செய்வது இதனால்தான்.

கதையில் இனி வருபவர் நமக்குக் கொஞ்சம் உறவு. நோனி கோபால் போஸ் என்ற வங்காளி, விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்று, ஆங்கிலேயர் கையில் மறுபடி சிக்காமல் 1920-இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அவர் மகன் அமர் போஸ் 1929-இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்தார். நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்ததும் அதே ஆண்டுதான். பொருத்தம் ஒன்றுமில்லை, சிதம்பரத்துக்காரனுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டாம் உலகப்போரில் அப்பாவின் இறக்குமதி வியாபாரம் படுத்தபோது, பள்ளிப் பையனான அமர் ரேடியோ பழுதுபார்த்து வீட்டுக்குப் பணம் கொண்டுவந்தார். பிறகு எம்ஐடியில் படித்து, அங்கேயே பேராசிரியரானார்.

1956-இல் ஆராய்ச்சிப் பட்டம் முடித்த கையோடு ஒரு ஸ்டீரியோ வாங்கினார். எஞ்சினியர் அல்லவா, தாளில் இருந்த எண்களையெல்லாம் ஒப்பிட்டு, எது உசத்தியோ அதை எடுத்தார். வீட்டில் வைத்துப் பாடவிட்டால் கேட்கச் சகிக்கவில்லை. எண்கள் ஒன்று சொல்ல, காது வேறொன்று சொன்னது. அந்த ஏமாற்றத்தில் தொடங்கிய ஆராய்ச்சிதான் 1964-இல் போஸ் நிறுவனமாயிற்று. பெட்டியில் போட்டிருக்கும் டெசிபலை நம்பிப் பணத்தை நீட்டும் எல்லோரும் இந்தச் சம்பவத்தை ஒரு தரம் நினைத்துக்கொள்ளலாம். எம்ஐடி முனைவரே அட்டையைப் பார்த்து ஏமாந்திருக்கிறார்.

1978-இல் அவர் சூரிக்கிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் திரும்பிக்கொண்டிருந்தார். அதுவரை விமானங்களில் இசை கேட்கக் கொடுத்தவை வெறும் பிளாஸ்டிக் குழாய்கள். அந்தப் பயணத்தில் புதிதாக மின்னணு ஹெட்போன் கொடுத்தார்கள். ஆசையாக மாட்டிக்கொண்டவருக்கு எஞ்சின் முழக்கத்துக்கு நடுவில் இசை பிடிபடவில்லை. அப்போதே காகிதத்தை எடுத்துக் கணக்குப் போடத் தொடங்கினார். ஹெட்போனுக்குள்ளேயே ஒரு சின்ன மைக்கை வைப்பது. காதருகே உண்மையில் என்ன கேட்கிறதோ அதிலிருந்து இசையைக் கழித்து, மிச்சத்தை இரைச்சல் என்று கொண்டு அதற்கு எதிர் ஒலி கொடுப்பது. பாஸ்டனில் இறங்குவதற்குள் கணக்கு ஒப்பேறிவிட்டது. பொருள் ஒப்பேற 11 ஆண்டுகள் ஆயின.

நடுவே 1986 டிசம்பரில் டிக் ரூட்டனும் ஜீனா யேகரும் 'வாயேஜர்' என்ற சிறு விமானத்தில், வழியில் எரிபொருள் நிரப்பாமல் ஒன்பது நாளில் உலகைச் சுற்றினார்கள். 40,000 கிலோமீட்டர். காதுக்குப் பக்கத்திலேயே எஞ்சின். அவர்கள் மாட்டியிருந்தது போஸின் சோதனைக் கருவி. ஜெர்மனியில் சென்ஹைசர் நிறுவனமும் லுஃப்தான்சா விமானிகளுக்காக அதே ஆண்டுகளில் இதே வேலையில் இறங்கியிருந்தது. 1989-இல் போஸின் விமானிகளுக்கான ஹெட்செட் கடைக்கு வந்தது. நம்மைப் போன்ற பயணிகளுக்கான 'கொயட்கம்ஃபர்ட்' 2000-இல்தான் வந்தது, 299 டாலருக்கு. அன்றைய ரூபாய் மதிப்பில் பதின்மூன்றாயிரத்துக்கு மேல். அதுவும் விமானத்தில் போகிறவர்கள் வாங்கும் பொருளாகவே இருந்தது.

டவுன் பஸ்ஸில் போகிறவர் கைக்கு இதைக் கொண்டுவந்தது சில்லு. எதிர் ஒலி செய்யும் வேலைக்கு முன்பு தனி மின்சுற்று வேண்டியிருந்தது. இன்று புளூடூத் சில்லுக்குள்ளேயே அந்த வேலையும் அடங்கிவிட்டது. சீனாவிலும் தைவானிலும் கோடிக்கணக்கில் அடித்துத் தள்ளும் அந்தச் சில்லுகளைத்தான் பல பிராண்டுகள் தங்கள் பெயரில் உறைபோட்டு விற்கின்றன. சில்லு ஏறக்குறைய ஒன்றாக இருக்கும்போது, மெத்தையும் மைக் வைத்த இடமும் அதைச் சுருதி சேர்த்த எஞ்சினியரின் பொறுமையும்தான் ஒன்றுக்கொன்று வித்தியாசம்.

இப்போது கடலூர்ப் பேருந்து நிலையத்தில் சிதம்பரம் வண்டி ஏறுவோம். ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின், நிமிடத்துக்கு 1,800 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 30 சுற்று. சுற்றுக்கு மூன்று வெடிப்பு. ஆக விநாடிக்கு 90 அதிர்வு. அந்த ஓசையின் ஓர் அலை கிட்டத்தட்ட 3.8 மீட்டர் நீளம், பேருந்தின் அகலத்தைவிடப் பெரியது. எதிர் ஒலிக்கு இதைவிட வாகான இரை கிடையாது. ஓல்டு டவுன், சிப்காட், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று சுமார் 45 கிலோமீட்டருக்கும் அந்த உறுமல் அடங்கிக் கிடக்கும். அண்ணாமலைநகர் விடுதி அறையின் சீலிங் ஃபேனும், ஏசியின் முனகலும் இதே இனம்தான். ஆனால் டிரைவர் ஏர் ஹாரனை அழுத்தினால் கேட்கும். பின் சீட்டில் குழந்தை அழுதால் கேட்கும். நடத்துனர் "பு.முட்லூர் எறங்கு" என்று கத்துவதும் கேட்கும், அது கேட்பது நல்லதும்கூட.

காதுக்கு இதில் ஒரு நன்மை உண்டு. எஞ்சினை மிஞ்சத்தான் பஸ்ஸில் பாட்டை உச்சத்தில் வைக்கிறோம். எஞ்சின் அடங்கினால் பாட்டையும் தாழ்த்தலாம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை, வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல். ஹெட்போன் வாங்குவதற்கு இசையைவிட இதுவே பெரிய காரணம் என்பேன்.

சரி, எதை வாங்குவது? பெட்டியில் ஏஎன்சி என்று இருக்கிறதா, ஈஎன்சி என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஈஎன்சி உங்கள் காதுக்கு ஒன்றும் செய்யாது. நீங்கள் போனில் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் பக்கத்துச் சத்தம் போகாமல் வடிகட்டும், அவ்வளவே. விலை குறைந்த மாடல்களில் இந்த இரண்டையும் குழப்பித்தான் வியாபாரம் நடக்கிறது. '40 டெசிபல் வரை' என்பதில் 'வரை' என்ற சொல்லைத் தவறவிடாதீர்கள். ஏதோ ஒரு தாழ்ந்த ஓசையில் கிடைத்த உச்ச எண் அது. எல்லா ஓசைக்குமானது அல்ல. 'ஹைபிரிட்' என்றால் கிண்ணத்தின் வெளியே ஒரு மைக், உள்ளே ஒரு மைக். அது உள்ளதாகப் பார்ப்பது நல்லது.

அடுத்தது மெத்தை. அதில் விரிசல் விட்டால் எல்லாம் போயிற்று. மூக்குக்கண்ணாடியின் காம்பு, தொங்கும் ஜிமிக்கி, பின்னலில் வைத்த பூ எல்லாமே மெத்தைக்கும் தோலுக்கும் நடுவில் சந்து உண்டாக்கும். கீழ் ஓசைதான் அந்தச் சந்து வழியே முதலில் நுழையும். தினமும் எப்படி இருப்பீர்களோ அப்படியே போய் மாட்டிப் பாருங்கள். நம்முடையது கடற்கரை ஊர். ரெக்சின் போன்ற அந்தத் தோல் வியர்வையிலும் ஈரக்காற்றிலும் உரிந்துவிடும். மாற்று மெத்தை தனியாகக் கிடைக்கும் மாடலாக இருந்தால் இன்னும் சில ஆண்டு ஓடும். எடையும் முக்கியம். சோனியின் டபிள்யூஎச்-சிஎச்720என் 2023-இல் ரூ.9,990-க்கு இந்தியாவுக்கு வந்தது, 192 கிராம்தான். பட்ஜெட் அதுவரை போகுமென்றால் வேறு யோசனை தேவையில்லை என்பது என் கட்சி. அதற்குக் கீழே சவுண்ட்கோர், ஜேபிஎல், போட் என்று வரிசை நீளம். அங்கே பெயரைப் பார்க்காமல் காதை நம்ப வேண்டும். பாட்டே போடாமல் ஓடும் ஃபேனுக்கு அடியில் நின்று ஏஎன்சியை அணைத்து, போட்டுப் பாருங்கள். ஃபேன் காணாமல் போக வேண்டும். பதிலுக்கு 'உஸ்' என்ற இரைச்சல் வரக் கூடாது. பிறகு தெரிந்த பாட்டு ஒன்றைப் போட்டு மறுபடி அணைத்துப் போடுங்கள். பாடுபவர் குரல் மாறினால் வேண்டாம். ஆன்லைனில் வாங்கினால் திருப்பித் தரும் நாட்களுக்குள் ஒரு தரம் பஸ்ஸில் போய்ப் பார்த்துவிடுங்கள். அதே ஹெட்போனோடு இருசக்கர வண்டி ஓட்டுவதும் தண்டவாளம் கடப்பதும் தற்கொலைக்குச் சமம்.

தெருமுனைக் கூம்பு ஒலிபெருக்கிக்குப் பயந்து இதை வாங்குவதாக இருந்தால், வேண்டாம். அது பேச்சும் பாட்டும் கலந்து உயர்ந்த ஓசையில் வரும் சத்தம். பத்தாயிரம் ரூபாய் கொட்டினாலும் அதில் ஒரு பகுதிதான் குறையும். அதற்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இருக்கின்றன. அரசு தனியாக அனுமதித்த சில விழா நாட்கள் நீங்கலாக, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி ஒலிக்கக் கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம். அந்தச் சத்தத்துக்குக் காவல் நிலையத்துக்கு ஒரு போன் போடுங்கள், செலவில்லை.