போன வருஷத்துச் சாம்பியன்



"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க சார்" என்று குழுவினர் கேட்டார்கள். விடுதி சாம்பாரைப் பற்றி எப்படியும் பத்துப் பேர் எழுதுவீர்கள். நானோ புள்ளியியல் படித்தவன். கால்பந்துப் பைத்தியமும் உண்டு. இரண்டும் சேருகிற பழைய கேள்வி ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். டீயும் பன்னும் பந்தயம் கட்டி நாம் ராத்திரி முழுக்க வாதாடிய கேள்விதான். இங்கிலாந்தின் முதல் டிவிஷனில் இந்த ஆண்டு ஜெயித்த அணி அடுத்த ஆண்டும் ஜெயிக்குமா?

முதலில் கணக்கைப் பார்ப்போம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1946-47இல் லீக் மறுபடி தொடங்கியது. அது முதல் 1991-92 வரை, பட்டத்தைத் தக்கவைக்கக் கிடைத்த வாய்ப்புகள் 45. தக்கவைத்தது ஏழே ஏழு முறை. போர்ட்ஸ்மவுத் 1950, மான்செஸ்டர் யுனைடெட் 1957, வுல்வர்ஹாம்ப்டன் 1959, பிறகு லிவர்பூல் 1977, 1980, 1983, 1984. நடுவில் 1960 முதல் 1976 வரை 17 சீசன்களில் ஒருவராலும் முடியவில்லை. ஒரு மேட்ச்கூடப் பார்க்காமல் "ஜெயிக்காது" என்று சொல்லிக்கொண்டே இருந்தவன் 45க்கு 38 முறை பன் தின்றிருப்பான்!

ஏன் இப்படி? எனக்குத் தெரிந்து காரணங்கள் மூன்று.

முதலாவது அதிர்ஷ்டம். உயரமான தகப்பன்மார்களின் பிள்ளைகள் சராசரியை நோக்கி இறங்குவதை ஃபிரான்சிஸ் கால்டன் 1886இல் எழுதினார். பந்தாட்டத்துக்கும் அது பொருந்தும். சாம்பியன் ஆகும் அணிக்குத் திறமையோடு கொஞ்சம் நல்ல காலமும் கூடியிருக்கும். காயம் குறைவாக இருக்கும், கம்பத்தில் பட்ட பந்து உள்ளே போயிருக்கும். அடுத்த வருஷம் திறமை கூடவே வரும். நல்ல காலம் வரும் என்று யார் சொல்ல முடியும்? மான்செஸ்டர் சிட்டி 1937இல் சாம்பியன். 1937-38இல் டிவிஷனிலேயே அதிகமாக 80 கோல் போட்டது. ஆனாலும் 21ஆவது இடம். இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கிவிட்டார்கள்!

இரண்டாவது, சூட்சுமம் வெளிப்பட்டுப்போவது. இதற்கு இப்ஸ்விச் டவுனை விட நல்ல உதாரணம் இல்லை. 1961இல்தான் முதல் டிவிஷனுக்கு ஏறி வந்தார்கள். மறு வருஷமே, 1962இல், சாம்பியன். மேனேஜர் அல்ஃப் ராம்சே, இடது விங்கர் ஜிம்மி லெட்பெட்டரை ஓரத்தில் முன்னே ஓடவிடாமல் பின்னால் நிறுத்திப் பந்தை வாங்க வைத்தார். அவரைத் தொடர்வதா, இடத்தைக் காப்பதா என்று எதிரணித் தடுப்பாளர் திண்டாடினார். முன்னால் ரே கிராஃபர்டும் டெட் ஃபிலிப்ஸும் சேர்ந்து 61 கோல் போட்டார்கள். அந்தச் சீசனில் இரண்டு ஆட்டத்திலும் அவர்களிடம் தோற்றது டாட்டன்ஹாம். ஆனால் 1962 ஆகஸ்டில் சாரிட்டி ஷீல்டு ஆட்டத்துக்கு விடையோடு வந்து 5-1 என்று வென்றது. மற்றவர்களும் பாடம் படித்துக்கொண்டார்கள். ராம்சேயை இங்கிலாந்து அணிக்கு அழைத்துக்கொண்டார்கள். இப்ஸ்விச் 1963இல் 17ஆவது இடம், 1964இல் கடைசி இடம்.

மூன்றாவது, ஆட்கள் போவது. 1992இல் லீட்ஸ் யுனைடெட் சாம்பியன். அந்த நவம்பரிலேயே எரிக் கான்டனாவை மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு விற்றது. 26 வருஷமாகப் பட்டம் இல்லாத யுனைடெட் 1993இல் வென்றது. லீட்ஸ் வெளியூர் ஆட்டம் ஒன்றில்கூட ஜெயிக்காமல் 17ஆவது இடத்தில் முடித்தது. 2016இல் லெஸ்டர் சிட்டி, 5000க்கு 1 என்று பந்தயக்காரர்கள் ஒதுக்கிய அணி, பட்டம் வென்றது. கோல் வித்தியாசத்தில் டாட்டன்ஹாம்தான் முன்னால் (34), லெஸ்டருக்கு 32. கணக்குப் பார்க்கிறவனுக்கு அங்கேயே மணி அடித்திருக்கும். பிறகு நடுக்கள வீரர் கான்டே செல்சிக்குப் போனார். 2017இல் செல்சி சாம்பியன், லெஸ்டர் 12ஆவது. பட்டம் தந்த மேனேஜர் ரனியேரியை ஒன்பதே மாதத்தில் அனுப்பிவிட்டார்கள். இரண்டு முறையும் போன ஆளோடு பட்டமும் போனது, பார்த்தீர்களா?

எந்தக் கணக்கிலும் அடங்காத இழப்பும் உண்டு. 1956, 1957 இரண்டு ஆண்டும் வென்ற மான்செஸ்டர் யுனைடெட்டின் இளம் வீரர்கள் எட்டுப் பேர், 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக்கில் நடந்த விமான விபத்தில் இறந்தார்கள். அந்தச் சீசனில் அணி ஒன்பதாவது இடம். இதைப் பற்றி ஊகம் பேச யாருக்கும் மனசு வராது.

இனி புதுக்காலம். 1992இல் பிரீமியர் லீக் பிறந்த பிறகு, 2025 வரை பட்டத்தைக் காக்க 32 வாய்ப்புகள். காத்தது 11 முறை. முன்பு ஆறில் ஒன்று என்றிருந்தது மூன்றில் ஒன்றாகிவிட்டது. அந்த 11ஐயும் சாதித்தவை மூன்றே கிளப்புகள்: மான்செஸ்டர் யுனைடெட், செல்சி, மான்செஸ்டர் சிட்டி. சிட்டி 2021 முதல் 2024 வரை வரிசையாக நான்கு.

காரணம் காசுதான். 1961 வரை ஆட்டக்காரருக்கு வாரம் 20 பவுனுக்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாது. அந்த வரம்பு நீங்கிய பிறகும், 1983 வரை லீக் ஆட்ட வசூலில் வெளியூர் அணிக்குப் பங்கு உண்டு. அதுவும் நின்றது. பிறகு டெலிவிஷன் பணம், ஐரோப்பியக் கோப்பைப் பணம். அதிர்ஷ்டம் போனாலும், சூட்சுமம் வெளிப்பட்டாலும், ஆள் போனாலும், பணக்கார கிளப் இன்னொன்றை வாங்கிக்கொள்ளும். லீட்ஸுக்கும் லெஸ்டருக்கும் அது முடியவில்லை.

ஆகவே இன்று பந்தயம் கட்டும் இளைய நண்பர்களுக்கு ஒரு யோசனை. போன வருஷம் எத்தனை பாயின்ட் என்று மட்டும் பார்க்காதீர்கள். கோல் வித்தியாசம் என்ன, யார் கிளம்பிவிட்டார்கள், அந்த இடத்தில் யாரை வாங்க முடியும் என்று கேளுங்கள். மூன்றுக்கும் நல்ல பதில் இல்லையென்றால் தைரியமாக "ஜெயிக்காது" என்று சொல்லலாம்.

ஆனாலும் ஒரு வருத்தம் மனதில் இருக்கிறது. யாரும் பட்டத்தைக் காக்காத அந்த 17 சீசன்களில் சாம்பியன் ஆனவை 10 வெவ்வேறு கிளப்புகள். நூற்பாலை ஊரான பர்ன்லியும் அதில் உண்டு. 1993 முதல் 2025 வரை 33 சீசன்களில் ஏழு கிளப்புகள்தான். ஊகம் சொல்வது சுலபமாகிக்கொண்டே போகிறது. புள்ளியியல்காரனாக நான் சந்தோஷப்பட வேண்டும். என்னவோ, முடியவில்லை. ஆகஸ்டு மாதம் சீசன் தொடங்கும்போது சின்ன ஊர்க்காரனும் "இந்த வருஷம் நம்ம வருஷம்டா" என்று சொல்ல முடிந்த லீக்தான் எனக்குப் பிடித்த லீக். அதற்காகப் பன் தோற்றாலும் பரவாயில்லை.

எல்லோரும் நலமாயிருக்க வாழ்த்துகள். விழாவுக்குத் தவறாமல் வாருங்கள். மீதி வாதத்தை நேரில் வைத்துக்கொள்வோம்.